பதினொன்றில் நிறுத்தினேன்

புன்டா அரீனாஸில் காற்றுக்குப் பயந்து
தெருமுனைகளில் கயிறு கட்டியிருப்பார்கள்.
அதைப் பிடித்துப் பிடித்துத்தான்
ஆஸ்பத்திரிக்கு நடந்தேன் பத்தொன்பது நாள்,
தையல் இன்னும் இழுக்க.

கண்ணாடிப் பெட்டிக்குள் மிர்கோ.
ஆயிரத்து நாற்பது கிராம்.
எடை பார்த்தே பிழைப்பவள் நான்.
அந்த எடையில் ஒரு ராஜநண்டைக் கொண்டுவந்தால்
சின்னது, கடலில் விடு என்பார்
எங்கள் மேஸ்திரி.

அவன் அப்பன் எலியாசர் படகில்.
ரேடியோவில் கேட்டான், யார் ஜாடை?
குழாய் ஜாடை என்றேன்.
இரைச்சல். சிரித்தானா தெரியவில்லை.

இரவில் அறைக்குத் திரும்பினால்
அலாரம் கூடவே வந்துவிடும்.
கெண்டி கொதிக்கையில் கேட்கும்,
பல் துலக்கும்போது கேட்கும்.
ஒருநாள் பால் பீய்ச்சும் இயந்திரம்
என் பெயரைச் சொல்லிச் சொல்லி உறிஞ்சியது.
யாஸ்னா, யாஸ்னா, யாஸ்னா.
யாரிடமும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒடெட் வந்தாள்,
முதுகில் கிடார், பூட்ஸுக்கு மேல் நீல உறை.
குழந்தைக்கு வாசிக்க வந்தவள்
என்னைப் பார்த்து,
"ஏதாவது சாப்பிட்டீர்களா?" என்றாள்.
பத்தொன்பது நாளில்
என் பக்கம் திரும்பிய முதல் கேள்வி.
பதிலுக்கு வாய் வரவில்லை.

உங்களிடம் பாட்டு உண்டா?
இல்லை.
நான் வளர்ந்த விடுதியில்
விளக்கணைக்க மணி அடிப்பார்கள், அவ்வளவுதான்.
பள்ளி விழாவில் என்னை
உதட்டை மட்டும் அசைக்கச் சொன்னார்கள்.
"சரி. உள்ளே இருந்தபோது
உங்கள் குரலில் எதைக் கேட்டிருப்பான்?"

யோசித்தேன்.
குளிர்க்கூடத்தில் மோட்டார் உறும
நண்டுக்கால் கொத்துகளை எண்ணி அடுக்கினேன்.
பெட்டிக்குப் பன்னிரண்டு.
வாய்விட்டு எண்ணாவிட்டால் தப்பும்,
தப்பினால் கூலியில் பிடிப்பார்கள்.
"அப்படியானால் எண்ணுங்கள்."

சட்டையைத் திறந்து
குழாய்களோடு மார்பில் வைத்தார்கள்.
சூடான ஈரக் காகிதம்.
ஒடெட் ஒரே ஒரு கம்பியைத் தொட்டாள்,
மோட்டார் மாதிரி தாழ்வாக,
நான் மூச்சு விடும் இடத்தில் அவளும் விட்டு.

ஒன்று.
இரண்டு.
கரகரத்தது. மூன்று.
திரையில் எண்பத்தெட்டு.
நான்கு ஐந்து ஆறு,
பெட்டி நகரும் வேகத்தில்.
ஏழில் தானாகவே குரல் ஏறியது.
அங்கேதான் எப்போதும்
நிமிர்ந்து இடுப்பைப் பிடிப்பேன்.
ஏழில் அவன் புருவம் உயர்ந்தது.
அடுத்த சுற்றிலும்
ஏழில்.

தொண்ணூற்றொன்று என்றாள் நர்ஸ்.
பிறகு எண்பத்தொன்பது.
பிறகு அவள் எதுவும் சொல்லவில்லை,
நானும் திரையை மறந்திருந்தேன்.

பக்கத்துப் பெட்டியின் கார்காமோ, லாரி டிரைவர்,
அதுவரை மகளைத் தொடக் கூசியவன்,
வடக்கே போகும் சாலையின் ஊர்களை
அவளிடம் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினான்,
ஊருக்கு ஒரு கியர் மாற்றி.
ஓர் ஊரை விட்டுவிட்டுப்
பின்னால் போய் எடுத்து வந்தான்.

எத்தனை பெட்டி அடுக்கினேனோ.
கடைசியில் பதினொன்றில் நிறுத்திவிட்டேன்,
கணக்குத் தப்பி இல்லை,
தூங்கி.
விழித்தபோது கம்பி ஓய்ந்திருந்தது.
ஜன்னலில் காற்று இருந்தது.
ஒடெட்டின் நோட்டைக் கண்ணோரத்தால் படித்தேன்:
குழந்தை, நாற்பது நிமிடம், பரவாயில்லை.
தாய், தூங்கினார். ரொட்டி சொல்லியிருக்கிறேன்.

ரொட்டி வந்தது, வெண்ணெய் தடவி.
பன்னிரண்டு இன்னும் பாக்கி.
அதை அவன் உச்சந்தலையில் சொல்லிவிட்டுத்தான்
தின்றேன்.